கணினிச் செயலிக் குளிர்விப்பான்: வரலாறும் தேர்வும்

கணினிச் செயலி பெறும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தைச் சில்லிலிருந்து எடுத்துக் காற்றில் சேர்க்கும் கருவியே செயலிக் குளிர்விப்பான். தனிக் கணினியைத் தாமே கட்டுவோர் இன்று செயலியையும் நினைவகத்தையும் போல இதையும் இணையக் கடைகளில் தனியே தேர்ந்து வாங்குகின்றனர். ஆனால் முதல் தலைமுறைத் தனிக் கணினிகளில் இப்படி ஓர் உறுப்பே இருக்கவில்லை. விற்பனைப் பக்கத்தில் காணப்படும் வாட், மில்லிமீட்டர், சாக்கெட் ஆகிய விவரங்கள் ஒவ்வொன்றும் இந்த வரலாற்றில் எழுந்த ஒரு சிக்கலோடு தொடர்புடையவை.

பெருங்கணினிகளின் காலம்

வெப்பம் கணினியோடு பிறந்த சிக்கல். 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது ஏறக்குறைய 150 கிலோவாட் மின்சாரத்தைப் பயன்படுத்தியது. பெரிய ஊதுவிசிறிகள் அதைக் குளிர்வித்தன. 1960களில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையின் 91ஆம் மாதிரியில் நீரைப் பயன்படுத்தியது. 1976இல் வந்த க்ரே-1 மீக்கணினிக்குக் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற ஃப்ரியான் அமைப்பு தேவைப்பட்டது. 1985இல் வந்த க்ரே-2இன் மின்சுற்றுகளோ மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கியே இருந்தன. இவற்றில் குளிர்விப்பு முறையைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்களே முடிவு செய்தனர். பயனர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

குளிர்விப்பான் இல்லாத செயலிகள்

இன்டெல் 1971இல் வெளியிட்ட 4004, 1978இல் வெளியிட்ட 8086, 1985இல் வெளியிட்ட 80386 ஆகியவை மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கின. கணினிப் பெட்டிக்குள் உலவும் காற்றே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த நிலை 1990களின் தொடக்கத்தில் மாறியது. 1992இல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் 486 டிஎக்ஸ்2 செயலிகளின் மேல் அலுமினியத் துடுப்புகள் காணப்படலாயின. இவற்றை ஹீட்சிங்க் என்பர். 1993இல் வெளிவந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் இயங்கி ஏறக்குறைய 15 வாட் வெப்பத்தை வெளியிட்டது. இன்றைய அளவில் இது சிறிய எண்ணே. ஆயினும் விரல்நுனி அளவுள்ள சில்லிலிருந்து வருவதால், துடுப்புடன் சிறு மின்விசிறியும் வழக்கமாயிற்று.

சில்லுக்கும் துடுப்புக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பப் பசை பூசப்படுகிறது. வழுவழுப்பாகத் தோன்றும் உலோகப் பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பசை அந்த இடைவெளிகளை நிரப்புகிறது. உலோகம் பசையைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் மெல்லிய பூச்சே போதும். தடித்த பூச்சு வெப்பத்துக்குத் தடையாகும்.

வேகப் போட்டி

டிரான்சிஸ்டர்கள் சிறிதாகும்போது அவற்றின் மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் கூடாது என்று ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் விளக்கினர். பல ஆண்டுகள் இந்த விதி கைகொடுத்தது. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க முடியாத நிலை வந்தது. அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது.

ஏஎம்டியும் இன்டெலும் 2000 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டின. அக்கால அத்லான் செயலிகளின் சில்லு மூடியின்றித் திறந்திருந்தது. குளிர்விப்பானைக் கவனமின்றிப் பொருத்தினால் சில்லின் மூலை உடைந்துபோகும். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றிச் சோதித்துக் காணொளியாக வெளியிட்டது. அத்லான் செயலிகள் நொடிகளில் எரிந்து பாழாயின. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. இத்தகைய தற்காப்பு பின்னர் எல்லாச் செயலிகளிலும் இடம்பெற்றது.

ஆயினும் போட்டியை நிறுத்தியது வெப்பமே. 2004இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 செயலிகளில் உயர்ந்தவை 115 வாட்டை எட்டின. அவ்வாண்டே இன்டெல் தன் அடுத்த வடிவமைப்பான டெஜாஸையும் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ செயலிகளில் பெரும்பாலானவை 65 வாட் அளவுடையவை. வேகத்தை உயர்த்துவதற்குப் பதிலாகக் கருக்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பாதை இவ்வாறு அமைந்தது.

வெப்பக் குழாயும் திரவமும்

இன்றைய கோபுர வடிவக் குளிர்விப்பான்களின் உயிர்நாடி வெப்பக் குழாய். இக்கருத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் 1940களில் காப்புரிமை பெற்றார். 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியே கண்டு வளர்த்தெடுத்தார். மூடிய செப்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று, வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளை அமைப்பு அந்த நீரைத் திரும்ப இழுத்து வருகிறது. இதற்குத் தனி மின்சாரமோ அசையும் உறுப்போ தேவையில்லை.

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2009இல் என்எச்-டி14, 2014இல் என்எச்-டி15 ஆகிய இரட்டைக் கோபுரங்களை வெளியிட்டது. டென்மார்க்கின் ஆசெடெக் நிறுவனம் உருவாக்கிய, முன்கூட்டியே நீர் நிரப்பி மூடிய அமைப்பைக் கோர்சேர் 2009இல் எச்50 என்ற பெயரில் விற்றது. அதன்பின் திரவக் குளிர்விப்பு சாதாரணப் பயனருக்கும் எளிதாயிற்று. எனினும் நீரேற்றி பழுதடையக்கூடும் என்பதால், நீண்டநாள் உழைப்பில் காற்றுக் குளிர்விப்பான்களே எளியவை.

தேர்வு வாங்குவோர் கைக்கு வந்தது

முன்பு கணினியைப் பூட்டிக் கொடுக்கும் கடைக்காரரே எது எதோடு பொருந்தும் என்று பார்த்துக்கொண்டார். பெட்டியில் வரும் செயலியோடு குளிர்விப்பானும் சேர்ந்தே வந்தது. 2001இல் அமெரிக்காவில் நியூஎக் தொடங்கப்பட்டது. அது போன்ற இணையக் கடைகள் வளர்ந்தபின், உதிரிப் பாகங்களை நேரடியாக வாங்கும் பழக்கம் பரவியது. 2015இல் இன்டெல் தன் ஆறாம் தலைமுறை ‘கே’ வகைச் செயலிகளைக் குளிர்விப்பான் இல்லாமலே விற்றது. பொருத்தம் பார்க்கும் பொறுப்பு வாங்குவோரிடம் வந்து சேர்ந்தது.

அப்பொறுப்பில் முதலாவது சாக்கெட். இன்டெலின் எல்ஜிஏ 775 பலகையில் பொருத்துத் துளைகளின் இடைவெளி 72 மில்லிமீட்டர். 2009இல் எல்ஜிஏ 1156இல் அது 75 ஆகவும், 2021இல் எல்ஜிஏ 1700இல் 78 ஆகவும் மாறியது. பழைய சரக்கில் புதிய பொருத்துசட்டம் இல்லாமல் இருக்கலாம். கொள்முதல் சான்று காட்டினால் அதை இலவசமாக அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகள் பல ஏஎம்4 குளிர்விப்பான்களை ஏற்கும். ஆனால் பலகையின் பின்தகட்டை மாற்றிப் பொருத்தும் வகைகள் அவற்றில் பொருந்தா.

இரண்டாவது வாட் அளவு. கோர் ஐ9-13900கே செயலியின் அடிப்படை அளவு 125 வாட். முழு வேகத்தில் அது 253 வாட்டை எட்டும். 105 வாட் எனக் குறிக்கப்படும் ரைசன் செயலி 142 வாட் வரை பெறலாம். ஆகவே பெரிய எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது உயரம். என்எச்-டி15இன் உயரம் 165 மில்லிமீட்டர். பெட்டியின் விவரப் பக்கத்தில் கொடுக்கப்பட்டுள்ள இடம் அதைவிடக் குறைவாக இருந்தால் பக்கவாட்டு மூடி மூடாது. உயரமான நினைவகப் பலகைகள் விசிறியில் இடிக்கக்கூடும். திரவ வகையில் 240, 360 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்படும் ரேடியேட்டருக்குப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதையும், பொருளைத் திருப்பி அனுப்பும் விதிகளையும் பணம் செலுத்துமுன் படிப்பது நல்லது.

காற்றாயினும் நீராயினும் இக்கருவிகள் அறை வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுசெல்ல இயலாது. 25 பாகை அறையில் 70 பாகை காட்டும் செயலி, அதே வேலையை 35 பாகை அறையில் செய்யும்போது ஏறக்குறைய 80 பாகை காட்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட மதிப்பீட்டை வெப்ப நாட்டில் படிப்போர் இந்த வேறுபாட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இன்றைய செயலி 2001இன் அத்லானைப் போல எரிந்து காட்டாது. குளிர்ச்சி போதாவிட்டால் ஓசையின்றி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர் அதை இழந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.