ஒரே நிரல், இரண்டு இராகம்: பாட்டின் இராகத்தைத் துணியும் முறை பற்றி

ஒரு பாட்டின் இராகம் எது என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலும் ஒரே வழியில்தான் விடை தேடப்படுகிறது. பாட்டில் வரும் சுரங்களைப் பொறுக்கி ஆரோகணம், அவரோகணம் என எழுதிக்கொள்கிறார்கள். அந்த நிரல் இராக அட்டவணையில் எந்தப் பெயருக்கு நேரே இருக்கிறதோ அதுவே இராகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இம்முறை பாதி வழிதான் போகும். அந்தப் பாதியும் ஆதார சட்ஜம் உறுதிப்பட்ட பிறகே பயன்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச ரி க ப த என்னும் அதன் ஐந்து சுரங்களில் எதையும் கூட்டாமல், குறைக்காமல், ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி பிறக்கிறது. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம், பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி, தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. சுரங்களின் கூட்டம் ஒன்றே, இராகங்கள் ஐந்து. கிரகபேதம் என்று இன்று சொல்லப்படும் இது தமிழிசை மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் காட்டும் ஏழு பாலைகள், குரலின் (சட்ஜத்தின்) இடத்தைப் பெயர்த்துப் பெயர்த்துப் பெறப்பட்டவையே. செம்பாலையை அரிகாம்போதியாகக் கொண்டால், அதன் உழை (மத்தியமம்) குரலாகும்போது சங்கராபரணமும் இளி (பஞ்சமம்) குரலாகும்போது கரகரப்பிரியாவும் கிடைக்கின்றன. 'குரல் எது?' என்று கேட்காமல் பாலையின் பெயரைச் சொல்ல அந்த மரபில் வழியே இல்லை.

தம்பூரா ஒலிக்கும் கச்சேரியில் இக்கேள்வி எழுவதில்லை. திரையிசையில் எழுகிறது. அங்கே ஆதாரத்தை விடாமல் ஒலிக்கும் கருவி பெரும்பாலும் கிடையாது. பாடகரின் குரல் சுத்த தன்யாசியாக ஒலிக்கும்போதே பேஸ் கிட்டார் வேறொரு சுரத்தில் நின்று அதே மெட்டை மோகனமாகக் காட்டிவிட முடியும். இத்தகைய இடத்தில் பல்லவி வந்து அமரும் சுரம், நீட்டி நிறுத்தப்படும் சுரம், தாளத்தின் சமத்தில் விழும் சுரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஆதாரத்தைத் துணிய வேண்டும். பாட்டின் முதல் சுரத்தைச் சட்ஜமாகக் கொள்வது தொடக்கநிலை மாணவர் செய்யும் வேலை. அச்சில் வரும் சில பட்டியல்களிலும் அதைக் காண்கிறோம்.

ஆதாரம் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் நூல்கள் தரும் நிரல் ஒன்றே: ச ரி ம ப த ச, ச நி த ப ம க ரி ச. இரண்டும் இருபத்தொன்பதாம் மேளத்தின் சேய்கள். ஆயினும் தியாகையரின் 'சாதிஞ்செனே'யைக் கேட்டவர் யாரும் அதைத் தேவகாந்தாரி என்று சொல்லமாட்டார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'எந்நேரமும்' கீர்த்தனையை ஆரபி என்றும் சொல்லமாட்டார். ஆரபி, கமகம் குறைந்து மத்திம காலத்தில் விரையும் கன இராகம். அதில் காந்தாரமும் நிஷாதமும் நீளாமல் முறையே மத்தியமத்தையும் சட்ஜத்தையும் ஒட்டி ஓடிவிடும். தேவகாந்தாரியோ சவுக்க காலத்தில் அசைந்து வரும். ரிஷபத்தை இழைத்து நீட்டும், சில பிடிகளில் கைசிகி நிஷாதத்தையும் ஏற்கும். இவற்றில் எதுவும் நிரலில் எழுதப்படுவதில்லை. தர்பாரும் நாயகியும் இதே வகைச் சிக்கல்தான்.

ஐரோப்பிய இடைக்கால வழிபாட்டிசையும் இதை அறிந்திருந்தது. அதன் எட்டு முறைகளில் முதலாவதும் எட்டாவதும் ஒரே சுர எல்லைக்குள் அடங்குபவை. முடிவுச் சுரத்தையும் ஓதல் சுரத்தையும் கொண்டே அவற்றைப் பிரித்தார்கள்.

'நிரலே போதாது என்றால் மேளகர்த்தா முறைக்கு என்ன மதிப்பு?' என்று கேட்கலாம். மேளம் இராகங்களை வகைப்படுத்தும் கருவி, இனங்காணும் கருவியன்று. சிந்து பைரவி (1985) படத்தில் இளையராஜா 'கலைவாணியே' பாடலைக் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் கொண்டு அமைத்தார். நிரலில் பாதி இல்லை, ஆனாலும் அது கல்யாணிதான். ஏறுமுகத்திலேயே அதன் ஏழு சுரங்களும் பிரதி மத்தியமத்தின் சாயலும் வந்துவிடுகின்றன. இதே சோதனையை ஆரபியிடம் செய்தால் எஞ்சுவது சுத்த சாவேரியின் ஆரோகணம். பிடிகள்தாம் அப்போதும் அதை ஆரபி என்று காட்ட வேண்டும். ஒவ்வோர் இராகத்தின் அடையாளமும் வெவ்வேறு இடத்தில் உறைகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வாய்பாட்டைத் தேடுவது வீண்.

பாடல்களுக்கு இராகம் குறித்துப் பட்டியல் வெளியிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'இன்ன இராகம்' என்பதையும் 'இன்ன இராகத்தின் சுரங்களில் அமைந்தது' என்பதையும் தனித்தனியே குறியுங்கள்; எந்தச் சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டீர்கள் என்பதையும் உடன் எழுதுங்கள்.