காது இரைச்சல்

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ கேட்கும் சத்தம். சுசுருத சம்ஹிதை இதைக் கர்ணநாதம் என்று தனி நோயாகவே சொல்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் வேலை பார்த்தவர்கள், "காதுக்குள்ள கொய்ங்குன்னு இரையுது" என்பார்கள்.

தறி ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுக்கணக்கில் அதில் நின்றால் உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள மயிர்ச்செல்கள் மடிகின்றன. ஒரு காதில் அவை சுமார் 15,000. பறவைக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. செவியிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் பங்குக்கு உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அந்த மிகைத்துடிப்பே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம். செவி நரம்பை வெட்டிய பிறகும் பலருக்குச் சத்தம் ஓயாதது இதற்குச் சான்று.

மருந்தும் காரணமாகும். மலேரியாவுக்குக் கொய்னா, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அளவு மிஞ்சிய ஆஸ்பிரின் எல்லாம் காதை இரையவைக்கும். சிலருக்கு வெறும் குரும்பி அடைப்புத்தான், எடுத்ததும் தீரும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. மின்விசையில் ஓடினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த கூடங்கள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. வீட்டை ஒட்டியே தறி போட்டிருந்தவர்களுக்கு இது பெரும் அநியாயம். அங்கே குழந்தையின் தொட்டிலும் அதே சத்தத்தில்தான் ஆடியது.

சிகிச்சைத் தேடல் உயிரையும் வாங்கியிருக்கிறது. லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாயின்பி 1866இல் இதற்காகக் குளோரோஃபார்ம் ஆவியைத் தன்மேல் சோதித்தபோது இறந்தார். 1935இல் ராபர்ட் பாரானி, மூக்கில் மரப்பு மருந்து செலுத்தியபோது இரைச்சல் அடங்கியதைக் கண்டார். பின்னர் லிடோகெயினை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். நிம்மதி சிறிது நேரமே நீடித்தது, இதயத்துக்கும் ஆபத்து. 1988இல் பாவெல் யாஸ்ட்ரெபோஃப், எலிகளுக்கும் காது இரையும் என்று நிறுவியதால் ஆய்வகத்தில் காரணம் தேட வழி பிறந்தது. 2023இல் அமெரிக்கா, காதுக்கு ஒலியும் நாவுக்கு மெல்லிய மின்தூண்டலும் தரும் கருவியை அனுமதித்தது.

இரைச்சலையே அழிக்கும் மாத்திரை இன்னும் இல்லை. அது தரும் அவதியைக் குறைப்பதில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே உறுதியான ஆதாரம் உண்டு; செவித்திறன் குறைந்தவர்களில் பலருக்குக் காதுக் கருவியும் உதவுகிறது. நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கும் சத்தம் வேறு வகை. இரத்தசோகையிலும் இரத்தக்குழாய்க் கோளாறிலும் அது வரும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.