டிரெசரும் ஆயாவும் சுமந்த சுமை

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பால்மரத்தையும் கங்காணியையும் மறப்பதில்லை. ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த அத்தோட்டங்களில் நோயாளியையும் குழந்தையையும் காத்து நின்றோரைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதுவோர் அரியர். அக்கால அறிக்கைகள் நோயுற்றோரையும் இறந்தோரையும் எண்ணின. அவர்களைக் கவனித்தோரின் களைப்பை எண்ணவில்லை.

மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து பார்த்துச் செல்வார். எஞ்சிய நாள்களில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரின் பொறுப்பு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கொய்னா கொடுப்பது, புண்ணுக்கு மருந்திடுவது, காய்ச்சலில் கிடப்போரைப் பார்ப்பது, ஏடு எழுதுவது, இரவில் லயத்திலிருந்து ஆள் வந்தால் எழுந்து போவது என எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தன. தொடக்க காலத் தோட்டப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும் கிராணியாகவோ டிரெசராகவோ இருந்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர்.

ஆயாவின் நிலை இதனினும் கடினம். பால்மரம் சீவச் செல்லும் தாய்மார் இருள் பிரியுமுன்னரே உறங்கும் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். மரம் சீவ உடல் இடங்கொடாத முதிய பெண்ணே பெரும்பாலும் ஆயாவானாள். தளர்ந்தவளிடமே தளராத உழைப்பு கேட்கப்பட்டது.

இச்சுமையின் அளவை மறைமுகமாகக் காட்டும் கணக்கொன்று அண்டை மாவட்டமான கிள்ளானில் உண்டு. அங்கு 1901இல் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காட்டை அழிக்கச் செய்தார். கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். அதே காலத்தில், இப்பணி நடைபெறாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தோர் 197இலிருந்து 353 ஆயினர். புதிய தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. நகரில் இறங்கிய சுமை தோட்டப்புறத்தில் ஏறிற்று.

பின்னர் வாட்சன் தோட்டங்களிலேயே கருத்தைச் செலுத்தினார். கடலோரச் சமவெளியில் நிழற்சதுப்பில் பெருகும் கொசுவைக் காட்டை அழித்தும் வாய்க்கால் வெட்டியும் ஒழிக்கலாம் என்று கண்டார். உள்நாட்டு மலைப்பாங்கில் அதே முறை பகையாயிற்று. வெயில்பட்ட ஓடையில் வேறொரு கொசு பெருகியது. அங்கு நிலத்தடிக் குழாயும் எண்ணெய்த் தெளிப்பும் வேண்டியிருந்தன. இன்னும் விரைந்து ஓடு, இன்னும் அதிகக் கொய்னா கொடு என்று டிரெசரை ஏவியதால் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாகவில்லை. வாசலுக்கு வருமுன்னரே நோய் தடுக்கப்பட்ட இடங்களில்தான் அவர் மூச்சுவிட முடிந்தது. தோட்ட நிருவாகங்கள் சிலவற்றுக்கு இவ்வுண்மை விளங்க நெடுங்காலம் ஆனது. வாய்க்காலுக்குப் பணம் வேண்டும், டிரெசரின் இரவுக்கு வேண்டாமல்லவா!

டிரெசரின் தொழிலுக்குச் சட்ட மதிப்பு 1965இல் கிட்டியது. தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் அவ்வாண்டு பிறந்தது. ஆயாவுக்கு அத்தகைய தனிச் சட்டமில்லை. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகத்தையும் குறிப்பிட்டது. அதற்குள் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறி, இளங்குடும்பங்கள் பட்டணம் சேரத் தொடங்கியிருந்தன.