பொன்னிழைக் கஃப்தான்

ஆடை மானங் காப்பதற்காக ஏற்பட்டது என்பர். ஆயினும், மன்னர் கையில் அது ஆட்சிக் கருவியாகவும் விளங்கியதுண்டு. இக்காலத்தில் விழா மாலைகளில் மகளிர் விரும்பி அணியும் கஃப்தான் என்னும் நெடிய அங்கி இதற்குச் சிறந்த சான்றாகும். முன்புறம் திறந்து, தோள் முதல் கணுக்கால் வரை தாழ்ந்து தொங்கும் இவ்வங்கி, ஒருவன் அரசனின் அருளைப் பெற்றவன் என்பதை ஊரறியக் காட்டும் அடையாளமாக ஒரு காலத்தில் இருந்தது.

கஃப்தானுக்கு ஒளியூட்டுவது சாட்டின் துணி. சாட்டின் என்பது நூலின் பெயரன்று. நெசவு முறையின் பெயர். சாதாரண நெசவில் பாவும் ஊடையும் ஒன்றன்மேலொன்றாக மாறி மாறிச் செல்லும். சாட்டின் நெசவிலோ, ஒரு பாவிழை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஊடைகளின் மேலே மிதந்து சென்று, பின்னர் ஒன்றன்கீழ் மறையும். ஒளி தடைப்படாது படர்வதால், பட்டு நீர்ப்பரப்புப் போல மின்னுகிறது. அரபு வணிகர் சைத்தூன் என அழைத்த சீனத் துறைமுகத்தில் நெய்யப்பட்ட பட்டு, அவ்வூரின் பெயராலேயே வழங்கிற்று என இபுன் பத்தூத்தா எழுதியுள்ளார். சாட்டின் என்னும் சொல் அப்பெயரின் திரிபு என்பது அறிஞர் பலரின் கருத்து.

1304 ஆம் ஆண்டில் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரிற் பிறந்த இந்த யாத்திரிகர், 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தவர் என்பதை நாம் அறிவோம். அதற்கு முன்னரே அவர் பூர்சா நகருக்குச் சென்று ஒட்டோமன் மன்னர் ஓர்கானையும் கண்டிருந்தார். சீனம், பூர்சா, மொரோக்கோ என அவர் கால்பட்ட இடங்களிலேயே கஃப்தானின் வரலாறும் படர்ந்து கிடக்கிறது.

பூர்சா 1326 ஆம் ஆண்டில் ஒட்டோமன் வசமாயிற்று. ஈரானிலிருந்து ஒட்டகச் சாத்துகள் கொணர்ந்த கச்சாப் பட்டு அங்கே விலையாயிற்று. அந்நகரத் தறிகளும் பெருகின. ஆனால், பட்டு வாணிகம் போரினின்றும் தப்பவில்லை. 1514 ஆம் ஆண்டில் சல்திரான் போர்க்களத்தில் ஈரானியரை வென்ற முதலாம் செலீம் சுல்தான், ஈரானியப் பட்டு வாணிகத்தைத் தடைசெய்தார். பகைவனின் பொருள் வளத்தைக் குறைக்கக் கருதிய அவ்வாணை பூர்சாவின் நெசவாளரையும் வருத்திற்று. 1520 ஆம் ஆண்டில் அரியணையேறிய அவர் மைந்தர் சுலைமான் அத்தடையை நீக்கினார்.

அரண்மனைக்கென நெய்த துணிகளில் பொன்னிழையும் வெள்ளியிழையும் ஊடாடின. துலிப்பு மலர், மாதுளங்கனி, மூன்று உருண்டைகளும் புலிக்கோடுகளும் சேர்ந்த கோலம் ஆகியன அவற்றை அணிசெய்தன. சடங்குக் கஃப்தான்கள் சிலவற்றின் கைகள் நிலம்வரை நீண்டு அழகுக்காகவே தொங்கும். அணிபவரின் கரங்கள் தோளருகேயுள்ள பிளவின் வழியே வெளிவரும்.

சுல்தான் தம் அமைச்சருக்கும் படைத்தலைவருக்கும் அளித்த கஃப்தான் ‘ஹிலத்து’ எனப்பட்டது. அயல்நாட்டுத் தூதரும் சுல்தானைக் காணுமுன் இத்தகைய அங்கியை அணிவிக்கப்பெற்றனர். துணியின் தரமே பெறுபவரின் தகுதியைப் பறைசாற்றிற்று. அது வெகுமதிதான், எனினும், கொடுப்பவர் பெரியவர், பெறுபவர் சிறியவர் என்பதை அவையறியச் செய்த வெகுமதி.

சுல்தான் ஒருவர் மறைந்ததும் அவருடைய ஆடைகளைப் பொதியாகக் கட்டி, பெயர் எழுதிப் பேணுவது அரண்மனை வழக்கம். இவ்வழக்கத்தினாலேயே பலநூறு ஆடைகள் அழியாது எஞ்சின. 1924 ஆம் ஆண்டில் அரும்பொருட்காட்சிச் சாலையாக மாறிய இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் அவை இன்றும் உள்ளன.

1826 ஆம் ஆண்டில் யனிசாரிப் படையைக் கலைத்த இரண்டாம் மகுமூது, 1829 ஆம் ஆண்டில் அரசாங்க அலுவலருக்குத் துருக்கித் தொப்பியையும் ஐரோப்பியப் பாணி மேலங்கியையும் விதித்தார். நூற்றாண்டுகளாக நிலைபெற்ற கஃப்தான் இவ்வாறு அரசவையினின்றும் இறங்கலாயிற்று.

மொரோக்கோவிலோ அது புதுவாழ்வு பெற்றது. ஒட்டோமன் நாட்டிலே அடைக்கலம் புகுந்திருந்து, 1576 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரியணையைக் கைப்பற்றிய அப்துல் மலிக்கு ஒட்டோமன் நடையுடைகளைத் தம் அவையிற் பரப்பினார். காலப்போக்கில் கஃப்தான் மகளிரின் மணவிழா ஆடையாக அங்கு வேரூன்றிற்று. பட்டுநூற் பின்னற் பட்டியும், நூலை முடிந்து செய்யும் சின்னஞ்சிறு பொத்தான் வரிசையும் அதன் தனிச்சிறப்புகள். பேஸ் நகரில் இதற்கான பொன்னிழையைத் திரித்தவர்களில் யூதக் கைவினைஞர் முதன்மையானோர். 1948 ஆம் ஆண்டின் பின் அவர்களிற் பெரும்பாலோர் நாட்டைவிட்டு அகன்றனர், அத்தொழிலும் மெலிந்தது.

இன்று ஆலையில் நெய்த சாட்டினிலும் இயந்திரப் பூவேலையிலும் கஃப்தான் எளிதிற் கிடைக்கிறது. அதனை அணிய அரசனின் தயவு வேண்டியதில்லை. அது மகிழத்தக்க மாற்றமே. ஆயினும், சுல்தான்களின் பெயரெழுதிய பொதிகளைப் பேணிய வரலாறு, அப்பட்டை நெய்தவர் பெயர்களை அவ்வாறு பேணவில்லை. அவர்தம் கைத்திறன் மட்டுமே அம்மின்னும் இழைகளில் எஞ்சி நிற்கிறது.