மண்ணெண்ணெயும் வன்னியும்: ஐதரோகாபன் வேறாக்கல் வரலாற்றில் ஒரு குறிப்பு

மசகு எண்ணெய் தனியொரு பொருளன்று. பல்வகை ஐதரோகாபன்களின் கலவையாகும். அக்கலவையை ஆய்கூடம் பகுத்தறிந்த வரலாற்றை மேலைநாட்டு அறிஞரின் பெயர்களோடு முடித்துவிடுவதே வழக்கம். அவ்வேதியியல் வன்னி மக்களின் வாழ்வையும் தொட்டமையை இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

1855இல் பெஞ்சமின் சிலிமன் பென்சில்வேனியா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பகுதிகளாக்கினார். கொதிநிலையே இம்முறையின் அளவுகோல். அதன் எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நேர்ச்சங்கிலி எப்தேன் ஏறத்தாழ 98 பாகை செல்சியசிலும், கிளைச்சங்கிலி ஐசோஒக்ரேன் 99 பாகையிலும் கொதிக்கின்றன. வடிகலத்திற்கு இவை ஏறக்குறைய ஒன்றே. பெற்றோல் இயந்திரமோ முன்னதால் தட்டொலி எழுப்பித் தடுமாறும். பின்னதால் சீராக ஓடும். 1920களில் வகுக்கப்பெற்ற ஒக்ரேன் அளவையில் முன்னதற்கு 0, பின்னதற்கு 100.

ஆகவே, வகை நோக்கிப் பிரிக்கும் முறைகள் வேண்டப்பட்டன. 1927இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஆறாம் ஆய்வுத்திட்டம் தொடங்கியது. ஒக்லகோமாவின் பொன்கா நகர் எண்ணெய் அதில் பல்லாண்டுகள் ஆராயப்பட்டது. சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயினூடே எண்ணெய்ப் பகுதியைச் செலுத்தினால், நிரம்பிய ஐதரோகாபன்கள் முதலில் வெளிவரும். பென்சீன் வளையமுடையவை சிலிக்காவைப் பற்றிப் பின்தங்கும். 1940இல் ஜெர்மனியரான பெங்கன் யூரியாவின் துணையை நாடினார். யூரியாப் பளிங்கின் ஒடுங்கிய இடைவெளியுள் நேர்ச்சங்கிலி நுழையும், கிளைத்தது நுழையாது.

1990 முதல் 2002இன் தொடக்கம் வரை வன்னியின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்டது, யூரியா உரமும் அவ்வாறே. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் கொதிநிலை உயர்வானது. குளிர்ந்த இயந்திரத்தில் அது எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலிட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கொதிநிலை பற்றிய சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. வகை பற்றிய சிக்கல் தீரவில்லை. நேர்ச்சங்கிலிகள் மிகுந்த அவ்வெரிபொருளால் தட்டொலி எழுந்தது, வலு குன்றியது, கரி படிந்தது. அவற்றை நாள்தோறும் துப்புரவாக்கியவை கிராமத்துத் திருத்தகங்களே.

ஆய்கூடம் குழாயிலும் பளிங்கிலும் கண்ட வேறுபாட்டை, வன்னித் தொழிலாளர் இயந்திரத்தின் ஒலியிலும் புகையிலும் கண்டனர். முன்னது விருப்பினால் விளைந்த அறிவு. பின்னது பற்றாக்குறையால் திணிக்கப்பட்டது. இவ்வேற்றுமையை மறைத்து அவர்தம் திறனை வியந்து போற்றுதல் தடையின் கொடுமையை மறத்தலாகும். எனினும், அத்திறனை அறிவியல் வரலாற்றுக்குப் புறம்பாக்குதலும் முறையன்று. அதனை அறிந்த கைகள் ஓய்வதற்கு முன் அவ்வனுபவங்களைத் தொகுத்தல் நம் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.