அபாயகரப் பொருள் மேலாண்மைக் கல்வி

நச்சுத்தன்மையோ, எரியும் இயல்போ, வெடிக்கும் சுபாவமோ உடைய வஸ்துக்களை ஆக்குவோரும் சேமிப்போரும் கொண்டுசெல்வோரும், உயிருக்கும் சுற்றுப்புறத்துக்கும் தீங்கு நேராவண்ணம் அவற்றைக் கையாளுமாறு பயிற்றும் தொழில்முறைக் கல்வி. பாதுகாப்பு அதிகாரிகளுக்குரிய நெடும்படிப்பு, வாகன ஓட்டிகளுக்குரிய குறும்பயிற்சி எனப் பெரும்பான்மையும் இருவகைப்படும். முன்னதை நடத்துவனவற்றுள் சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனம் குறிப்பிடத்தக்கது.

1984 டிசம்பரில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதன் விளைவாக, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமும், 1989-இல் அபாயகர இரசாயனங்கள் பற்றிய விதிகளும் தோன்றவே, இக்கல்வி சட்டத்தின் பலத்தைப் பெருமளவு பெற்றது.

குறும்பயிற்சியின் அவசியம் திருத்தணி போன்ற ஊர்களில் நன்கு விளங்கும். சென்னையிலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஆந்திர எல்லையை அணுகும் இவ்விடத்தில், ஆடிக் கிருத்திகைக் காலத்துக் காவடிக் கூட்டமும் சரக்கு வாகனங்களும் ஒரே மார்க்கத்தை நாட வேண்டியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதி, அபாயகரச் சரக்கேற்றும் ஓட்டுநர் தற்காப்புடன் ஓட்டுதல், மேம்பட்ட ஓட்டுதிறன், சரக்கின் தன்மை ஆகியவற்றில் தேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. வாகனத்தின் அவசரத் தகவல் பலகையில் இரசாயனத்தின் பெயரும், ஐக்கிய நாடுகள் வகுத்த நான்கிலக்க எண்ணும், உதவிக்குரிய தொலைபேசி எண்ணும் பொறிக்கப்பெறும். விபத்து நேருங்கால் முதலில் வந்து சேரும் தீயணைப்போருக்கு, ஓட்டுநர் பேசும் நிலையில் இல்லாவிடினும், இப்பலகையே வழிகாட்டும்.