சுல்தானா கண்ட கனவும் ஒரு சென்னைப் பத்திரிகையும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் எங்கள் குடியிருப்பில் இருக்கிற தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடிவிடுவோம். லேக் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் எப்போ வரும் என்பதில் ஆரம்பித்து, வேலைக்காரம்மா லீவு, பசங்க பரீட்சை என்று பேச்சு எங்கெங்கோ போகும். போன மாதம் கதைப் புத்தகத்துக்குப் போனது. எதிர் வீட்டு மாமிக்கு ரமணிசந்திரன் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். மூணாவது மாடி அக்கா சின்ன வயதில் வாண்டுமாமாவையும் அம்புலிமாமாவின் வேதாளத்தையும் கரைத்துக் குடித்தவர். அவர் பெண் ஹாரி பாட்டர் ஏழையும் மூணு தடவை முடித்துவிட்டு இப்போது டோல்கீனில் இருக்கிறாள். அவள்தான் கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி, ரவுலிங் மாதிரி நம்ம நாட்டுல லேடீஸ் யாரும் ஃபேன்டஸி எழுதலையா?"

எழுதியிருக்காங்கம்மா, ரவுலிங்குக்குத் தொண்ணூறு வருஷம் முன்னாடியே, என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குத் தெரிய வேண்டிய கதை. அதில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அவர் பேர் ரொக்கேயா சகாவத் ஹொசைன். இந்த ஊரில் பேகம் ரொக்கேயா என்றால்தான் தெரியும். நான் மாற்றலாகி இங்கே வந்த புதிதில், கிளையில் பக்கத்து மேஜை தீதி இவரைப் பற்றிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். வணிகவியல் படித்த எனக்கு அதுவரை சரித்திரம் என்றால் ரிசர்வ் வங்கி எந்த வருஷம் ஆரம்பித்தது என்பதோடு சரி :-)

ரொக்கேயா பிறந்தது 1880-ல், ரங்கப்பூர் ஜில்லாவில் பாய்ராபந்த் என்ற கிராமத்தில். இப்போது அது பங்களாதேஷில் இருக்கிறது. ஜமீன்தார் குடும்பம். பையன்களுக்கு இங்கிலீஷ் படிப்பு, பெண்களுக்குக் குர்ஆன் ஓதவும் கொஞ்சம் உருதும் போதும் என்று நினைத்த வீடு. அந்தக் காலத்து மேல்தட்டு முஸ்லிம் குடும்பங்களில் பலருக்கு வங்காள மொழியே மட்டம். அப்புறம் பெண்கள் வங்காளம் படிப்பதாவது! ஐந்து வயதிலிருந்தே பர்தா. ஆண்களிடமிருந்து மட்டும் இல்லை, வெளியிலிருந்து வரும் பெண்களிடமிருந்தும் ஒளிய வேண்டும். ஒரு தடவை விருந்தாளிகளோடு வந்த வேலைக்காரப் பெண்களின் கண்ணில் படக்கூடாது என்று பரணில் நாள்கணக்கில் பசியோடு பதுங்கிக் கிடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் இரண்டு பேர் அவருக்குக் கைகொடுத்தார்கள். அண்ணன் இப்ராகிம் சாபேர், வீடு தூங்கின பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். அக்கா கரிமுன்னிசா வங்காளத்தில் கவிதை எழுதக்கூடியவர். அவர் படிக்கிறார் என்று தெரிந்ததும் படிப்பை நிறுத்தி, சின்ன வயதிலேயே கல்யாணம் பண்ணிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தங்கையைப் படி, எழுது என்று கடைசிவரை விரட்டியது அந்த அக்காதான். பின்னாளில் ரொக்கேயா தன் புத்தகங்களில் ஒன்றை அண்ணனுக்கும் ஒன்றை அக்காவுக்கும் காணிக்கையாக்கினார்.

பதினாறு பதினெட்டு வயதில் ரொக்கேயாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை பீகாரில் பாகல்பூர்ப் பக்கம் டெபுடி மாஜிஸ்திரேட், உருது பேசுகிறவர், முதல் தாரத்தை இழந்தவர், வயதில் ரொம்ப மூத்தவர். இதைக் கேட்டதும் மாமி உச்சுக்கொட்டினார். ஆனால் சகாவத் ஹொசைன் நல்ல மனுஷர். மனைவி இங்கிலீஷில் நன்றாகத் தேற வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. தெரிந்தவர் யாருமில்லாத ஊர், வேறு பாஷை, பாதி நாள் டூரில் இருக்கும் கணவர். மாற்றலாகி மாற்றலாகி ஊர் சுற்றுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

1905-ல் பங்க்கா என்ற ஊரில் அவர்கள் இருந்தபோது, கணவர் டூர் போன சமயத்தில் பொழுது போகாமல் இங்கிலீஷில் ஒரு கதை எழுதினார் ரொக்கேயா. திரும்பி வந்தவர் நின்றவாக்கிலேயே முழுக்கப் படித்து முடித்துவிட்டு, பயங்கரமாகப் பழி வாங்கியிருக்கிறாயே என்கிற மாதிரி சொன்னாராம். பிறகு மொழியைத் திருத்தித் தரச்சொல்லி பாகல்பூர் கமிஷனரான ஒரு வெள்ளைக்காரருக்கு அனுப்ப, அவர் ஒரு வரியிலும் கை வைக்காமல் பாராட்டித் திருப்பி அனுப்பினார். அந்தக் கதைதான் 'சுல்தானாவின் கனவு'.

கதை என்னவென்றால், சுல்தானா என்ற பெண் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நம் நாட்டுப் பெண்களின் நிலைமையை யோசித்தபடி கண் அசருகிறாள். தோழி சாரா வந்து வெளியே நடக்கக் கூப்பிடுகிறாள். தெருவுக்கு வந்தால் அது வேறு தேசம், பெண்கள் தேசம். அங்கே ஆண்கள்தான் வீட்டுக்குள். சுல்தானா கூச்சத்தோடு தலை குனிந்து நடப்பதைப் பார்த்துப் போகிற வருகிற பெண்கள் சிரிக்கிறார்கள். ஆம்பளை மாதிரி பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாளாம்!

அதற்கப்புறம் பெரிய சாகசம், ராட்சசன் எல்லாம் கிடையாது. இரண்டு பெண்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள், அவ்வளவுதான். பேச்சும் எதைப் பற்றி? அடுப்பு, கொசு, ரோடு, ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் பேசுவதுதான். சாரா வீட்டுச் சமையலறையைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே வேலை செய்கிற ஆண்களுக்கு முன்னாடியே சொல்லி ஒதுங்கச் செய்துவிடுகிறாள் சாரா. பர்தா அப்படியே திருப்பிப் போடப்பட்டிருக்கிறது, பார்த்தீர்களா? கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. வெயிலின் சூட்டைக் குழாய்களில் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கிக்கொள்ள ஒரு பலூன். இவை இரண்டும் பெண்களின் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்தவை. அந்தச் சமயத்தில் ஆண்கள் பட்டாளத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்ததால் இதெல்லாம் ஏதோ பகல்கனவு என்று சிரித்தார்களாம். பிறகு பக்கத்து நாடு படையெடுத்து வந்து, ஆண்கள் தோற்றுத் திரும்பியபோது, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு போய் அந்த வெயிலையே குவித்து எதிரி மேல் பாய்ச்சி விரட்டினார். போகும் முன் பெண்கள் வைத்த நிபந்தனை, ஆண்கள் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். போனவர்கள் போனவர்கள்தான்!

ஒரு வங்கிக்காரியாக எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சின்னக் கணக்கு. வீட்டையும் பார்த்து, தையலும் போட்டு, ஆபீஸ் வேலையையும் எப்படி முடிக்கிறாய் என்று சுல்தானா கேட்கிறாள். ஆபீஸ் வேலை இரண்டு மணி நேரம்தான் என்கிறாள் சாரா. சுருட்டு ஒன்று எரிய அரை மணி, ஒருத்தர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையிலேயே போயிற்று. பெண்கள் அப்படி உட்கார்ந்து ஊதுவதில்லை, அதனால் இரண்டு மணியில் வேலை முடிந்துவிடுகிறது! மார்ச் 31 ராத்திரி கணக்கு முடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என்ன சொல்வார்களோ.

கடைசியில் ஆகாய வண்டியில் போகும்போது சறுக்கி விழுந்து, சுல்தானா விழித்துக்கொள்கிறாள். ரைட் சகோதரர்கள் விமானத்தைக் கிளப்பி அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் மட்டுமே வாழும் தேசத்தைப் பற்றி அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'ஹெர்லாண்ட்' வந்ததோ பத்து வருஷம் கழித்து, 1915-ல்.

இனி சென்னை விஷயம். பீகாரில் பர்தாவுக்குள் இருந்து எழுதிய இந்தக் கதை முதலில் அச்சானது கல்கத்தாவில் இல்லை, சென்னையில். 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இங்கிலீஷ் மாதப் பத்திரிகையில், 1905-லேயே. அதை 1901-ல் ஆரம்பித்து நடத்தியவர் கமலா சத்தியநாதன். தெலுங்குப் பெண், ரொக்கேயாவுக்கு ஏறக்குறைய ஒரே வயது. சென்னை மாகாணத்தில் எம்.ஏ. வாங்கிய முதல் பெண். கணவர் சாமுவேல் சத்தியநாதன் தமிழர், பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். அந்தக் குடும்பமே எழுத்துக் குடும்பம். மாமியார் அன்னா தமிழில் தாய்மார்களுக்காகப் புத்தகம் எழுதியவர். சாமுவேலின் காலமாகிவிட்ட முதல் மனைவி கிருபாபாய் இங்கிலீஷில் நாவல் எழுதியவர். சரோஜினி நாயுடுவின் கவிதைகளும் இந்தப் பத்திரிகையில் வந்திருக்கின்றன. தமிழிலும் அது பெண்கள் பத்திரிகைகள் தலையெடுத்த காலம். அதே 1905-ல் சென்னையில் 'சக்கரவர்த்தினி' மாத இதழுக்குப் பாரதி ஆசிரியராக இருந்தார்.

1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவுக்குத்தான். அதிலும் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தக் கைப்பிடிப் பெண்களை நம்பி ஒருத்தர் பத்திரிகை நடத்துகிறார், இன்னொருத்தர் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கதை அனுப்புகிறார். இந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் அந்தக் கதை பங்க்காவில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது தனிப் புத்தகமாகக் கல்கத்தாவில் வந்தது 1908-ல்தான். 1906-ல் கமலா கணவரை இழந்தார். அப்படியும் பத்திரிகையை விடாமல் 1918 வரை நடத்தினார். 1927-ல் மறுபடி தொடங்கி 1938 வரை கொண்டுபோனார்.

ரொக்கேயா என்ன படித்தார் என்பதும் சுவாரசியம். அந்தக் காலத்தில் மேரி கொரெல்லி என்ற ஆங்கில எழுத்தாளர் சக்கைபோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆவி, சாத்தான், வேறு உலகம் என்று எழுதுகிறவர். விமர்சகர்கள் கிழிப்பார்கள், புத்தகம் பறக்கும். (நம்மூரிலும் இப்படிச் சிலர் உண்டே!) ரொக்கேயா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சாத்தானை இல்லை. சொந்தமாக எழுதிச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணின் பணத்தில் கணவன் சொகுசாக வாழ்ந்து, அவளையே அழிக்கும் 'டெலீசியாவின் கொலை' என்ற நாவலை. அதை வங்காளத்தில் சுருக்கிச் சொல்லி, சுதந்திரமான இங்கிலீஷ்காரியின் கதியும் நம் வீட்டுப் பெண்ணின் கதியும் எவ்வளவு ஒன்றாக இருக்கிறது பாருங்கள் என்று எழுதினார். கதை படித்தாலும் அவர் கண் கணக்குப் புத்தகத்தின் மேல்தான் இருந்திருக்கிறது.

1909-ல் சகாவத் ஹொசைன் காலமானார். பெண்கள் பள்ளிக்கென்று பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதே வருஷம் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளியை ஆரம்பித்தார் ரொக்கேயா. சொத்துத் தகராறில் அங்கே இருக்கமுடியாமல் கல்கத்தா வந்து, 1911 மார்ச்சில் வலியுல்லா சந்தில் எட்டு மாணவிகளோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களை அனுப்பச்சொல்லிக் கேட்டார். பர்தா கெடாது என்று வாக்குக் கொடுத்தால்தான் அனுப்புவார்கள். அதற்காகச் சுற்றிலும் மூடிய பஸ். காற்றில்லாமல் உள்ளே குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள். திறந்து திரை மட்டும் போட்டால், காற்றில் திரை விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள்.

இந்த பஸ் கதை 1931-ல் வந்த 'அவரோத்பாசினி' என்ற புத்தகத்தில் இருக்கிறது. மொத்தம் நாற்பத்தேழு சம்பவங்கள். ஒரு பெண்மணி பர்தா தடுக்கி ரயில் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறார். ஆண்கள் தூக்க வருகிறார்கள், தொடக்கூடாது என்று கூட இருந்த வேலைக்காரி தடுக்கிறாள். அவளால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை. ரயில் கிளம்பிவிடுகிறது. சுல்தானாவின் கனவு தேசத்தில் ரயில் விபத்தே கிடையாது என்று ஒரு வரி வரும். முதலில் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு சிரிக்க முடியவில்லை.

ஆண்களைப் பூட்டி வைப்பது மட்டும் நியாயமா என்று மூணாவது மாடி அக்காவின் வீட்டுக்காரர் கேட்டாராம். கேட்கட்டும். பூட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஐந்து நிமிஷமாவது யோசித்திருக்கிறார் இல்லையா? ரொக்கேயாவும் தன் நிஜ வாழ்க்கையில் யாரையும் பூட்டச் சொல்லவில்லை, கதவைத் திறக்கத்தான் சொன்னார். 1916-ல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்து, ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் உதவினார். 1930-ல் நிஜமாகவே விமானத்தில் ஏறி ஐம்பது மைல் பறந்துவிட்டு, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். கனவில் ஏறிய வண்டியில் இருபத்தைந்து வருஷம் கழித்து!

2023-ல் இந்தக் கதையை வைத்து ஸ்பெயினில் ஒரு அனிமேஷன் படம் வந்தது. 2024-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். இங்கிலீஷ் மூலம் சுமார் பத்துப் பன்னிரண்டு பக்கம்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹாரி பாட்டர் படிக்கிற குழந்தைக்கு ஒரு மத்தியானம் போதும். அக்காவின் பெண் படித்துவிட்டு, கதை ரொம்ப சீக்கிரம் முடிந்துவிட்டது, அடுத்த பாகம் இல்லையா என்கிறாள்.

அவருடைய பள்ளி இப்போது லார்ட் சின்ஹா ரோட்டில், சகாவத் மெமோரியல் அரசுப் பெண்கள் பள்ளியாக இருக்கிறது. ரொக்கேயா காலமானது 1932 டிசம்பர் 9. முந்தின ராத்திரி வரை பெண்களின் உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார், அது பாதியில் நிற்கிறது. அடக்கம் செய்தது ஊருக்கு வடக்கே சோதேப்பூரில். அந்த இடம் ரொம்ப வருஷம் யாருக்கும் நினைவில்லாமல் போய், பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள். இப்போது அது பானிஹாட்டியில் ஒரு பெண்கள் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது. சியால்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் போய்விடலாம்.